பெர்மிட்டுக்கும் காசு, புதுப்பிக்கவும் காசு

சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவன், வேலை செய்வதற்கே காசு கட்ட வேண்டும் என்ற வழக்கத்தை எந்தப் பாவி தொடங்கி வைத்தானோ! பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கம் யாராவது சிங்கப்பூர் கிளம்புகிறான் என்றால் “எவ்வளவு கட்டினாய்?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சம்பளத்தைப் பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான். இதை ஒருவரும் அநியாயமாகவே நினைப்பதில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

என் அக்கா மகன் கம்பி கட்டும் வேலையில் சிங்கப்பூருக்கான திறன் டெஸ்ட் அடித்துத் தேறியவன். பயிற்சி மையத்துக்குத் தனியாக அழுதாயிற்று. அதற்கு மேல் ஏஜென்ட்டுக்கு மூன்றரை லட்சம். அக்காவின் நகை அடகுக் கடைக்குப் போனது. மீதிக்கு மூன்று வட்டி. ஏஜென்ட் கட்டுகளை எண்ணி இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். ரசீது கேட்டதும் முகம் மாறிவிட்டது. “நம்பிக்கை இல்லையென்றால் எடுத்துக்கொண்டு போங்கள். வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் பாருங்கள்” என்றார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். பணம் கொடுப்பவள் கும்பிடுகிறாள்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, மத்திய அரசிடம் பதிவு பெற்ற முகவர்தான் வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கலாம். அவரும் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். சிங்கப்பூரிலும் வரம்பு உண்டு: ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படிப் போனாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. ஆனால் அது அந்த ஊர் ஏஜென்சிக்கு. இங்கே மாடிப்படிக்கு மேல் ஒற்றை அறையில் கைமாறும் பணம் அந்தக் கணக்கில் வராது. இங்குள்ள கணக்கிலும் வராது, ரசீதே இல்லையே!

வேலை பெர்மிட் தர ஒப்புதல் சொல்லிச் சிங்கப்பூர் அரசு முன்கூட்டியே கொடுக்கும் ஐபிஏ கடிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். தொழிலாளி ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே அவன் கையில் அது இருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் விதி. எங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்தது ஒரு படம். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் தெரிந்தன. சம்பளம் இருக்கும் பகுதி மடக்கப்பட்டிருந்தது. முழுக் கடிதத்தை அவன் பார்த்ததே அங்கே போய் இறங்கிய பிறகுதான். ஏஜென்ட் வாயால் சொன்ன சம்பளம் அதில் இல்லை.

“பார்த்துப் போயிருக்க வேண்டாமா?” என்று கேட்கும் புத்திசாலிகளே, மூன்று வட்டிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு விமான நிலைய வாசலில் நிற்பவன் எதைப் பார்ப்பான்? திரும்பினால் கடன், போனாலும் கடன். போனால் அடைக்கவாவது வழி உண்டு என்று ஏறிவிடுகிறான். கடனை முதலில் ஏற்றிவிட்டுத்தான் இவர்கள் ஆளையே ஏற்றுகிறார்கள். பெர்மிட் ஒரே முதலாளியின் பெயரில். அவர் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். ஓவர்டைம் பணம் குறைந்தால் கேட்க முடியாது, காய்ச்சல் என்று படுக்க முடியாது. அங்குள்ள மனிதவள அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம்தான். கொடுத்துவிட்டு வட்டிக்காரனுக்கு என்ன பதில் சொல்வது?

இப்போது புதுக்கதை. அடுத்த மாதம் பெர்மிட் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் ஆயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வெட்டு என்று மேற்பார்வையாளர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறாராம். வேலை கொடுப்பதற்கும் புதுப்பிப்பதற்கும் தொழிலாளியிடம் பணம் பறிப்பது சிங்கப்பூரில் குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. அது அந்த மேற்பார்வையாளருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதனால்தான் எதையும் எழுதித் தருவதில்லை.

கட்டுமானத் தொழிலாளி, பெர்மிட் முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாள் வரையுள்ள இடைவெளியில், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். இதையும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை; நான்தான் தேடிப் பிடித்துச் சொன்னேன். வேறு கம்பெனி தேடு, ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதே என்றேன். விசாரித்துவிட்டுச் சொன்னான்: “மாமா, அங்கேயும் ஏஜென்ட் காசு கேட்கிறான்.”