சாகப்போற மீன்தானே?

அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. வார இறுதி முழுக்க நம்ம வான்கூவர் தமிழ் வாட்ஸப் குழுவுல அதுதான் ஓடுச்சு. நம்ம குழுத் தம்பி ஒருத்தர் ஓடைக்குள்ள பூட்ஸ் காலோட இறங்கி, முட்டை போட வந்த சம் சால்மனை (சால்மன் மீன்ல ஒரு வகை) வாலைப் பிடிச்சுத் தூக்குறார். பின்னணியில குத்துப்பாட்டு. "தம்பி, அந்த வீடியோவை நீக்கிடுங்க"ன்னு மரியாதையாத்தான் கேட்டேன். "சாகப்போற மீன்தானே அக்கா, விடுங்க"ன்னு பதில். அதுக்கு வரிசையா சிரிப்புப் பொம்மைங்க.

சாகப்போற மீன்தான். யார் இல்லேன்னா? பசிபிக் சால்மன் முட்டை போட்டதும் செத்துடும். ஆத்துக்குள்ள நுழைஞ்சதுலேருந்து தீனியே எடுக்காது. கடல்ல சேர்த்து வச்ச கொழுப்பை எரிச்சுக்கிட்டே எதிர்நீச்சல்ல ஏறி வருது. ஓடைக்கு வந்து சேரும்போது மிச்சம் இருக்குறதே கொஞ்சூண்டு தெம்பு. அதையும் உங்க ரீல்ஸுக்குத்தான் செலவழிக்கணுமா?

சரி, மீனை விடுங்க. காலை எங்க வச்சீங்க? பெண் மீன் ஒருக்களிச்சுப் படுத்து, வாலால சரளைக்கல்லை அடிச்சு அடிச்சுக் குழி பறிக்கும். கிட்டத்துல பார்த்தா அந்த வால் தோலுரிஞ்சு, வெளுத்து, தேஞ்ச துடைப்பம் மாதிரி இருக்கும். முட்டை போட்டதும் மேல கல்லைத் தள்ளி மூடிடும். பட்டாணி அளவுல, செம்மஞ்சளா, ரெண்டாயிரம் மூவாயிரம் முட்டை. குளிர்காலம் பூரா அந்தக் கல்லுக்கு அடியிலதான் கிடக்கணும். மேலேருந்து பார்த்தா வெறும் சரளை, ஒண்ணும் தெரியாது. அதுக்கு மேலதான் தம்பி நின்னு போஸ் குடுக்குறார். சாகப்போற மீன் கையில இருக்கு, சரி. காலுக்குக் கீழ இருக்குறதும் சாகப்போறதா?

"கரடி பிடிக்கலையா?"ன்னு ஒரு அறிவாளி. பிடிக்குது. காட்டுக்குள்ள இழுத்துட்டுப் போய்ப் பாதி தின்னுட்டுப் போடுது. அந்த மிச்சத்துலேருந்து கடலோட நைட்ரஜன் ஆத்தங்கரை மரங்களுக்குள்ள ஏறுதுன்னு ஆராய்ச்சியில காட்டியிருக்காங்க. உங்க வீடியோவால எந்த மரம் வளர்ந்துச்சுன்னு சொல்லுங்க, காலைத் தொட்டுக் கும்பிடுறேன்.

"நீங்க சால்மன் தின்னலையா?" தின்பேன். சாக்கைன்னு இன்னொரு சால்மன் வகை, அதோட தலையைப் போட்டுப் புளிக்குழம்பு வச்சா எங்க வீட்டுல சட்டி காலி. அடுத்து?

"1914ல ரயில் பாதை போடுறேன்னு ஹெல்ஸ் கேட்ங்கிற குறுகலான இடத்துல பாறையைச் சரிச்சு ஃப்ரேசர் ஆத்தையே நெரிச்சவங்களை விட்டுட்டு, நம்மாள் ஒருத்தர் கால்தான் உங்களுக்கு உறுத்துதா?" இதுல நியாயம் இருக்கு. அங்க மீன் ஏற வழி கட்டவே 1940கள் ஆயிடுச்சு. 2009ல ஃப்ரேசருக்கு ஒரு கோடி சாக்கை வரும்னு கணிச்சாங்க, வந்தது சுமார் 15 லட்சம். ஏன் குறைஞ்சுதுன்னு விசாரிக்க கோஹென் ஆணையம் போட்டு, 2012ல 75 பரிந்துரை வந்துச்சு. இந்த மாகாணக் கடல்ல சால்மன் வளர்க்குற வலைக்கூண்டுப் பண்ணைகளை 2029க்குள்ள மூடணும்னு கனடா ஒன்றிய அரசு 2024லதான் அறிவிச்சுது. அந்தச் சண்டையெல்லாம் பூர்வகுடிகள் முன்னால நின்னு போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. எவனோ ஆத்தை அடைச்சான்னா, முட்டை மேல நடக்க நமக்கு லைசென்ஸா?

இதே ஊர்ல, கிடங்குகளுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவுல கிட்டத்தட்ட சாக்கடையாவே கிடந்தது ஸ்டில் கிரீக். வருஷக்கணக்கா குப்பை அள்ளி, கரையில செடி நட்டு, 2012ல அங்க சம் சால்மன் திரும்பி வந்துச்சு. சுமார் எண்பது வருஷம் கழிச்சு! அள்ளினவங்கள்ல பாதிப் பேர் ரிட்டயர் ஆன தாத்தா பாட்டிங்க. நான் போற குழுவுலயும் அப்படித்தான். மழையில நனைஞ்சுக்கிட்டு ஷாப்பிங் டிராலியை இழுத்து வெளிய போடுற அந்தப் பாட்டிகிட்ட போய்ச் சொல்லுங்க, சாகப்போற மீன்தானேன்னு.

எல்லாத்தையும் பொறுத்துக்கலாம். "ஊர்ல ஆத்தைக் காப்பாத்தத் துப்பில்ல, இங்க வந்து மீனுக்கு அழுறாங்க"ன்னு ஒருத்தர் போட்டார் பாருங்க, அதுதான் ராத்திரி தூங்க விடல. எங்கம்மா ஊர் நொய்யல் பக்கம். பாசனத்துக்குன்னு கட்டின ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர் சாயத்தண்ணி தேங்குற தொட்டியாப் போச்சு. எங்க மாமா கிணத்துத் தண்ணியில மாடு மூக்கை வச்சுட்டுத் திரும்பிக்கும். "ஆறுதான் ஏற்கெனவே போயிடுச்சே, இன்னும் கொஞ்சம் விட்டா என்ன?"ன்னு அப்பவும் பேசினாங்க, நம்ம ஜனங்கதான். எனக்குத் துப்பில்லதான். நான் அப்போ பாவாடை கட்டின பொண்ணு. உங்களுக்கு இப்ப என்ன கேடு?

சனிக்கிழமை குழுவா சால்மன் பார்க்கப் போறதாகவும், ரப்பர் பூட்ஸ் கொண்டு வரச் சொல்லியும் அறிவிப்பு வந்திருக்கு. தாராளமாப் போங்க. பாலத்து மேலேருந்து பாருங்க, போலரைஸ்டு கண்ணாடி போட்டா தண்ணியோட பளபளப்பு போய் மீன் தெளிவாத் தெரியும். பிள்ளைங்க கேள்விக்குப் பதில் சொல்ல நானே வர்றேன். ஒருத்தர் தண்ணியில கால் வச்சாலும் மீன்வளத் துறைக்கு நான்தான் போன் போடுவேன். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் அக்கா மூஞ்சி காட்டுறாங்கன்னு பேசக்கூடாது.