கடல்பாசி கிரீம் வாங்கச் சொல்பவர்களிடம் ஒரு கேள்வி

நேற்று மாலை வண்டியில் வீடு திரும்பியதும் ஈரப்பஞ்சால் முகத்தைத் துடைத்தேன். நெற்றியில் துடைத்த பக்கம் சாம்பல் நிறம். மூக்கோரத்தில் துடைத்த பக்கம் கறுப்பு. பஞ்சில் ஒட்டியது போகட்டும், கண்ணுக்கே தெரியாத பி.எம். 2.5 என்ற காற்று மாசு நுண்துகள்தான் எனக்குக் கவலை. நம் தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கே இருக்கும் அந்தத் துகள், எரிபொருள் எரியும்போது உண்டாகும் ஹைட்ரோகார்பன்களைச் சுமந்து வருகிறது. 2010இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் 70 வயதைக் கடந்த 400 பெண்களைப் பரிசோதித்தார்கள். வாகனப் புகையும் கரியும் கூடக்கூட நெற்றியிலும் கன்னத்திலும் கரும்புள்ளிகள் சுமார் 20 சதவீதம் கூடியிருந்தன.

இதைப் படித்த பயத்தோடுதான் ஒரு கடைக்குப் போனேன். "கடல்பாசி போட்டது மேடம், புகை உள்ளேயே போகாது" என்று ஒரு டப்பாவை நீட்டினார்கள். விலையைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். கோபம் விலை மீதல்ல, "உள்ளேயே போகாது" என்ற அந்த உறுதி மீது.

கடல்பாசியில் சரக்கில்லை என்று நான் சொல்லவில்லை. பழுப்புப் பாசிகள் ஃப்ளோரோடானின் என்ற சேர்மத்தைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. அலை வற்றும்போது பாறையில் வெயில் காயும் பாசிக்கு அது ஒரு காப்பு. தென்கொரியாவின் ஜெஜு தீவு ஆய்வாளர்கள் அந்தக் கடலின் பாசிகளிலிருந்து இத்தகைய சேர்மங்களைப் பிரித்தெடுத்து, மனிதத் தோல் செல்களில் சோதித்திருக்கிறார்கள். நுண்துகள் பட்ட செல்லுக்குள் ஆக்சிஜன் மூலக்கூறுகள் வெறிகொண்டு கொழுப்பையும் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் தாக்குகின்றன. பாசிச் சேர்மம் சேர்த்த செல்களில் அந்தச் சேதம் குறைந்தது. அருமையான வேலை, மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அந்தச் செல்கள் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்ந்தவை. மருந்தை நேரே அவற்றின் மேல் ஊற்றலாம். என் கன்னத்தின் மேலே இறந்த செல்கள் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கியிருக்கின்றன. 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) மேற்பட்ட மூலக்கூறு அதைத் தாண்டுவது கடினம் என்பது தோல் மருத்துவத்தில் பழகிய கணக்கு. எக்லோனியா காவா என்ற பழுப்புப் பாசியிலுள்ள டீக்கால் என்ற ஃப்ளோரோடானின் 742 டால்டன். பழுப்புப் பாசியின் இன்னொரு சேர்மமான ஃப்யூகாய்டன் அதைவிடப் பல மடங்கு பெரியது. கிண்ணத்தில் வென்றது கன்னத்திலும் வெல்லும் என்று யார் உறுதி கொடுத்தார்கள்?

மன்னார் வளைகுடாவிலும் பழுப்புப் பாசி உண்டு. பாம்பன் பக்கத்துப் பெண்கள் பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிக் கட்டக்கோரை என்ற அந்தப் பாசியைப் பறிக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டு வரும் பொருளை, ஒரு துளி சேர்த்துவிட்டுப் பெயருக்காக அட்டையில் அச்சடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பி.எம். 2.5க்கு ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டின் வரம்பு 40. அந்த 40ஐக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய நம்மிடம் டப்பாவை விற்கிறார்கள்.

விற்பவர்கள் இதையாவது அட்டையில் எழுதட்டும்: எந்தப் பாசி, எத்தனை சதவீதம், எத்தனை மனிதர்களின் முகத்தில், எந்த ஊர்க் காற்றில் சோதித்தீர்கள்?