ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் அதற்குப் பெயர் ரிப்பேரா?

பழைய வண்டியின் பானெட்டைத் திறந்து எஞ்சின் ஒயரிங்கைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. இன்சுலேஷன் வெடித்து உதிர்வதற்காக இல்லை. வருஷக்கணக்காகச் சூட்டில் கிடந்த ஒயர் அப்படித்தான் ஆகும். என் ஆத்திரமெல்லாம் அதில் கை வைத்தவர்கள் மேல்தான்.

சென்சார் ஒயர் ஒன்று அறுந்தால் என்ன செய்கிறார்கள்? பல்லால் கடித்து உரித்து, இரண்டு முனையையும் முறுக்கி, மேலே கறுப்பு டேப் நாலு சுற்று. அவ்வளவுதான் வேலை. எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை இளகி, நுனி பிரிந்து தொங்குகிறது. உள்ளே ஈரம் புகுந்து செம்பு பச்சை பிடிக்கிறது. அந்தப் பச்சை முறுக்கின இடத்தோடு நிற்பதும் இல்லை, இன்சுலேஷனுக்குள்ளேயே ஊர்ந்து போகிறது. இரண்டு அங்குலம் தள்ளி வெட்டினாலும் கறுத்துப்போன செம்புதான் வருகிறது.

அப்புறம் ஓட்டுகிறவர் பாடு. காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும், சூடானதும் மிஸ்ஸிங், எஞ்சின் விட்டு விட்டு ஓடும். மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும். ஏன் காட்டாது? ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் காட்டும். லோடு கொடுத்து, அதாவது கரண்டை ஓட விட்டுப் பார்த்தால்தானே வண்டவாளம் தெரியும்! அதைச் செய்யாமல் சென்சாரை மாற்று, காயிலை மாற்று, பம்பை மாற்று என்று நல்ல சாமானையெல்லாம் கழற்ற வைக்கிறார்கள். எர்த் ஒயர் துருப்பிடித்த போல்ட்டில் ஆடிக்கொண்டிருப்பதை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதைவிடக் கொடுமை, ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று 10 ஆம்பியர் இடத்தில் 30 ஆம்பியர் போடுவது. ஃபியூஸ் இருப்பதே ஒயரைக் காப்பாற்றத்தான். அது போகாவிட்டால் ஒயர் எரியும். பக்கத்திலேயே பெட்ரோல் ஹோஸ். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் உயிருக்கு யார் பொறுப்பு?

சரியாகச் செய்வது அப்படியொன்றும் பிரம்ம வித்தை இல்லை. செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டி, அதே கனத்தில் சூடு தாங்கும் ஒயரைச் சேர்த்து, இரண்டு முனையையும் உலோகக் குழலுக்குள் விட்டு அதற்குரிய பிளையரில் இறுக நசுக்கி கிரிம்ப் செய்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, எக்ஸாஸ்ட் பக்கம் உரசாமல் கட்டினால் போதும். நிறமும் அதே நிறமாக இருக்கட்டும். எல்லா இடத்திலும் ஒரே சிவப்பு ஒயரை இழுத்துவிட்டுப் போனால் அடுத்து கை வைப்பவர் எதை வைத்து லைனைப் பிடிப்பார்?

செய்ய மனமில்லை என்றால் தயவுசெய்து தொடாதீர்கள். அறுந்த ஒயர் அறுந்தபடியே கிடக்கட்டும், பார்த்தாலாவது தெரியும். டேப்புக்குள் மூடி வைத்ததைத் தேடித்தான் முழு ஒயரிங்கையும் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.