எண்ணெய்னா எண்ணெய்தானே?

துப்பாக்கிக்கு எந்த எண்ணெய் போடுவது என்பதைப் பற்றி இனிப் பேசப் போவதில்லை என்று போன வாரம்தான் ஒருவரிடம் சொன்னேன். சனிக்கிழமை நடந்ததைக் கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

செக்யூரிட்டி ஏஜென்சி ஆபீஸில் எடுத்த ஆயுத பூஜை வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. வரிசையாகப் பதினொரு துப்பாக்கி, பொட்டு, பூ. குத்துவிளக்குக்கு வாங்கிய நல்லெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து எல்லாவற்றுக்கும் மினுமினுவென்று பூசுகிறார்கள். வெளியே மட்டுமா? குழலை மடக்கித் திறந்து உள்ளேயும் விடுகிறார்கள். நான் "சார், அது கூடாது" என்கிறேன். "எண்ணெய்னா எண்ணெய்தானே மிலிட்டரி, வழுக்குனா போதாதா?" என்கிறார் முதலாளி. எல்லோரும் சிரிக்கிறார்கள். வீடியோ அதோடு முடிகிறது. அதற்கப்புறம் நான் சொன்னதைப் படம் பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து, இந்தச் சனிக்கிழமை, அந்தப் பதினொன்றில் ஒன்று மாட்டிக்கொண்டது. கேஷ் வேனில் காவல் போகும் ஹவில்தார் அண்ணனின் ஒற்றைக்குழல் 12 போர் துப்பாக்கி. ஃபயரிங் பின், அதாவது தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி, உள்ளே போகவில்லை, நீட்டியபடியே ஒட்டிக்கொண்டு நின்றது. ஆபீஸில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "துப்பாக்கி பழசு, அவர் ஒழுங்கா பராமரிக்கல." ஒரு வாரம் டியூட்டி கிடையாது. சம்பளமும் கிடையாது.

எண்ணெய்னா எண்ணெய்தானே? இல்லை சார்.

உங்கள் வீட்டில் சாம்பாரை விளக்கெண்ணெயில் தாளித்தால் சாப்பிடுவீர்களா? தலைக்கு ஒன்று, தாளிக்க ஒன்று, இட்லிப் பொடிக்கு ஒன்று, சாமி விளக்குக்கு ஒன்று. எள்ளின் நெய் என்பதுதான் எண்ணெய் ஆனது. பெயர் ஒன்றே என்பதற்காக நம் பாட்டிகள் ஒருநாளும் மாற்றி ஊற்றியதில்லை. மாட்டுவண்டி அச்சுக்குக்கூட விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துத்தான் மை போட்டார்கள். அந்த விவரம் வண்டிக்காரருக்கு இருந்தது. செக்யூரிட்டி ஏஜென்சிக்கு இல்லை.

விதையிலிருந்து ஆட்டும் எண்ணெய்களில் பல, காற்றுப் பட்டால் மெல்ல இறுகும். ஆளிவிதை எண்ணெய் இதில் முதல். அதனால்தான் பழைய .303 ரைபிளின் மரக்கட்டைக்கு அதைத் தேய்ப்பது வழக்கம். மரத்தில் அது இறுகித் தோல் மாதிரி நிற்க வேண்டும். நல்லெண்ணெய் அவ்வளவு வேகமாக இறுகாது, ஆனால் இறுகும். நாளாக ஆகப் பிசுபிசுக்கும், தூசி சேர்ந்தால் பசை. கடாயின் ஓரத்தில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத மஞ்சள் பிசின் ஒட்டியிருக்குமே, அது என்ன என்று நினைத்தீர்கள்? அடுப்புச் சூட்டில் சீக்கிரம் வருவது, சூடில்லாத இடத்தில் நிதானமாக வரும். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய் இந்த மாதிரி இறுகாது. துப்பாக்கி எண்ணெய் என்று தனியாக ஒன்று இருப்பதன் முதல் காரணம் இதுதான்.

இப்போது ஒரு படித்தவர் வருவார். "முதல் உலகப் போரில் விமான இன்ஜினுக்கே விளக்கெண்ணெய்தானே ஊற்றினார்கள்?" ஊற்றினார்கள். இன்ஜினே சுழலும் அந்தக் கால விமானங்களுக்கு அதுதான் எண்ணெய். காஸ்ட்ரால் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்த இன்ஜினில் போன எண்ணெய் திரும்பி வராது. புகையோடு வெளியே போய் விமானியின் முகத்தில் அடிக்கும். அடுத்த பயணத்துக்குப் புது எண்ணெய். கேஷ் வேன் காவலரின் துப்பாக்கி ஆறு மாதம் ஒரு குண்டுகூடச் சுடாது. அதில் விட்ட எண்ணெய் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஒன்றா?

தேங்காய் எண்ணெயா? அது சட்டென்று இறுகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். காஷ்மீரில் இருந்தபோது நாகர்கோவில் பையன் ஒருவன் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்தான். அது கல். வெயிலில் அரை மணி நேரம் வைத்து, கத்தியால் தோண்டித்தான் தலையில் தேய்ப்போம். அந்தக் குளிரில் துப்பாக்கி எண்ணெயையே கண்ணுக்குத் தெரியாத அளவு துடைத்து எடுத்துவிடுவோம். இல்லையென்றால் அதுவும் கெட்டியாகும்.

"டபிள்யூ.டி. 40 ஸ்ப்ரே அடிக்கலாமா?" 1953-ல் கண்டுபிடித்த நல்ல சரக்கு. பெயரே நீரை விரட்டுவது, நாற்பதாவது முயற்சி என்பதுதான். மழையில் நனைந்த துப்பாக்கிக்கு முதலில் அடியுங்கள். அப்புறம் துடைத்துவிட்டு எண்ணெய் போடுங்கள். இன்ஜின் ஆயில்? போடலாம். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

"காவலர் வாங்கும் சம்பளத்தில் ஜெர்மன் எண்ணெய்க்கு எங்கே போவார்?" இந்தக் கேள்வியை நானும் மதிக்கிறேன். 1904-லிருந்து இருக்கும் பாலிஸ்டால் என்ற அந்த ஜெர்மன் எண்ணெயை வாங்கு என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. கையில் ஒன்றுமில்லையென்றால் தையல் மிஷின் எண்ணெய் வாங்குங்கள். மெல்லிய கனிம எண்ணெய், பிசினாகாது, இரண்டு டீ குடிக்கும் காசு. துருவை நெடுநாள் தடுக்காது, அடிக்கடி துடைத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் குறை. அந்த இரண்டு டீக் காசைத்தான் முதலாளியால் செலவு செய்ய முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒருவர் என்னைப் பூஜைக்கு எதிரி என்று எழுதியிருக்கிறார். ஐயா, பதினேழு வருடம் ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பவனாக, இருந்தவன் நான். கோத் என்போம் ஆயுத அறையை, அங்கே வருடா வருடம் பொட்டு வைத்துக் கும்பிட்டவன். சந்தனத்தில் ஈரம் இருக்கிறது, ஈரம் இரும்பைத் தின்னும். அதனால் அன்று சாயங்காலமே சிந்தியை, அதாவது துடைக்கும் துண்டுத் துணியை, எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தவனும் நான்தான். பூ வைத்தவர்கள் அப்போது சாப்பிடப் போயிருப்பார்கள். உஸ்தாத் என்று நாங்கள் கூப்பிடும் ஆசான் வந்து வெள்ளைக் கைக்குட்டையைக் குழல் வாயில் விட்டுப் பார்ப்பார். எண்ணெய் கூடினாலும் திட்டு, குறைந்தாலும் திட்டு. யாருக்குப் பக்தி இல்லை என்கிறீர்கள்?

எந்த எண்ணெய் என்று கேட்பது அற்பமாகத் தெரிகிறதா? எங்கள் வேலூர்க் கோட்டையில் 1806-ல் சிப்பாய்கள் எழுந்தது அவர்கள் மேல் திணித்த புதுத் தலைப்பாகைக்காக. 1857-ல் மீரட்டில் எண்பத்தைந்து குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்துச் சிறைக்குப் போனார்கள். தோட்டாவில் தடவியது பசுக் கொழுப்பா பன்றிக் கொழுப்பா என்பதுதான் பேச்சு. அது தோட்டாவுக்கு, இது துப்பாக்கிக்கு, அது மதம், இது மராமத்து என்று கமென்டில் வராதீர்கள், எனக்கும் தெரியும். கையில் ஆயுதம் பிடிப்பவன் "இதில் என்ன தடவியிருக்கிறாய்?" என்று கேட்டான். மேலே இருப்பவன் காது கொடுக்கவில்லை. என் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரிகிறது.

ஃபயரிங் பின் நீட்டியபடி ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தீர்களா? தோட்டா போட்டுக் குழலை மூடும்போதே வெடிக்கலாம். பக்கத்தில் பணப்பெட்டி தூக்கும் பையன் நிற்பான். பேங்க் வாசலில் பென்ஷன் வாங்க வந்த கிழவி நிற்பாள். ஹவில்தார் அண்ணன் தோட்டா போடுவதற்கு முன் பின்னைப் பார்த்தார். அது அவர் பழக்கம். அப்படிப் பார்த்ததற்குத்தான் ஒரு வாரச் சம்பளம் போனது. பராமரிக்கத் தெரியாதவராம்.

அன்று சாயங்காலம் அண்ணன் துப்பாக்கியோடு வீட்டுக்கு வந்தார். உரிமம் அவர் பெயரில், அதனால் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். தோட்டா இல்லை என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். பின்னைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். சிந்தியில் மஞ்சளாக, கோந்து மாதிரி வந்தது. "என்னங்க, கோயில் மடப்பள்ளி வாசம் வருது?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் மனைவி. அண்ணன் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அதையும் பாதி துடைத்து மாட்டிக் கொடுத்தேன். காசு கொடுக்க வந்தார். திட்டி அனுப்பினேன்.

இன்று மதியம் ஆபீஸிலிருந்து எனக்கு ஒரு மெசேஜ். "மிலிட்டரி, மீதி பத்தையும் ஒரு தடவை வந்து பார்த்துடுங்க." வருத்தம் என்று ஒரு சொல் இல்லை. அண்ணனின் சம்பளம் பற்றியும் இல்லை. போகக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். பத்துப் பேர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அதனால் போவேன். சிந்தி நான் கொண்டுவருகிறேன். எண்ணெயை அவர் வாங்கி வைக்கட்டும், என்ன எண்ணெய் என்று என்னைக் கேட்டுவிட்டு.