முதல்ல அந்த டிக்கெட்டை அவங்க பேர்ல இருந்து எடுங்க

மூணு நாளா எல்லார் சுவர்லயும் ஓடுற அந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் பத்தித்தான். "நெஞ்சு படபடக்குது, கை நடுங்குது, ரெண்டு நாளா தூக்கமே இல்ல, இன்னைக்கு முடியல சார்"னு ராத்திரி 11:40க்கு ஐ.டி. கம்பெனியில வேலை பார்க்கிற ஒரு பொண்ணு தன் மேனேஜருக்கு எழுதியிருக்காங்க. மேனேஜர் பதில்: "டேக் கேர் மா. ஹெல்த்தான் முக்கியம். ரிலீஸை மட்டும் முடிச்சிட்டு நல்லா ரெஸ்ட் எடு." (ரிலீஸ்னா சாஃப்ட்வேரை வெளியிடுற வேலை.)

அன்பாத்தானே சொல்லியிருக்கார், இதுல என்ன தப்புன்னு கமெண்ட்ல வரிசையா கேட்டிருக்கீங்க. படிச்சதுல இருந்து மனசு ஆறல. தப்பு அந்தக் கடைசி வரியில இருக்கு. வேலையும், அதை அவங்க பேர்ல பதிஞ்சு வெச்சிருக்கிற டிக்கெட்டும் இன்னும் அவங்க தலையிலயேதான் இருக்கு. அக்கறைன்னா வேலை கை மாறணும்.

பழைய பாதையோரங்கள்ல சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீங்க. ரெண்டு கல்லை நட்டு, மேல குறுக்க ஒரு கல். கர்ப்பமா இருக்கும்போதே இறந்துபோன பொண்ணுங்க ஞாபகமா ஊர்ல நட்டு வெச்சது. தலைச்சுமையோட நடந்து வர்றவங்க இன்னொருத்தர் கை கொடுக்காமலே இறக்கி வைக்கிற உயரம் அதுக்கு. சுமந்து வர்றவங்களால தானா குனிஞ்சு இறக்க முடியாதுன்னு நட்டவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நம்ம ஆபீஸ்கள்ல இன்னும் தெரியல.

அப்படி ஒரு மெசேஜ் வந்தா என்ன செய்யணும்? ஏன், எதனாலன்னு கேட்காதீங்க. அந்த நிலையில காரணம் சொல்றதும் ஒரு வேலைதான். "உனக்கு இன்னைக்கு லீவ், நானே போட்டுடறேன். உன் டிக்கெட்டை வேற ஆளுக்கு மாத்திட்டேன். கூட யாராவது இருக்காங்களா?" இந்த மூணு வரி போதும். "மாத்துறேன்"னு எழுதாதீங்க, மாத்தி முடிச்சிட்டு "மாத்திட்டேன்"னு எழுதுங்க. ஆன்-கால் ரோஸ்டர்ல, அதாவது எந்த நேரத்துல கூப்பிட்டாலும் வரணும்கிறவங்க பட்டியல்ல இருந்தும் பேரை எடுங்க. பல இடத்துல இதைத்தான் மறந்துடறாங்க. லீவ்ல படுத்திருக்கிற ஆளுக்கு விடியக்காலை 3 மணிக்கு அலர்ட் போகும்.

பேனிக் அட்டாக், அதாவது திடீர்னு வர்ற கடும் பயமும் படபடப்பும், பொதுவா 10 நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்கும். ஆனா நெஞ்சுவலியோட முதல் தடவை வந்தா அது இதயமா இல்லையான்னு டாக்டர்தான் சொல்லணும், நீங்களோ நானோ இல்ல. வாழவே பிடிக்கலங்கிற மாதிரி பேசினா, தற்கொலை எண்ணம் வருதான்னு நேராவே கேளுங்க. கேட்கிறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. வருதுன்னு சொன்னா தனியா விடாதீங்க. அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயும் பேசலாம்.

மறுநாள் ஸ்டாண்ட்அப்ல, அதாவது டீமோட தினசரி மீட்டிங்ல, "லீவ்ல இருக்காங்க", அவ்வளவுதான். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-ல 23-வது பிரிவு, சிகிச்சை விவரத்தை ரகசியமா வெச்சுக்கிறதை நோயாளியோட உரிமைன்னே சொல்லுது. அனுதாபத்துல சொன்னேன்னாலும் சொன்னது சொன்னதுதான்.

இதைவிடப் பெரிய தப்பு திரும்பி வர்ற அன்னைக்கு நடக்குது. பத்து நாள் வேலை அப்படியே குவிஞ்சு கிடக்கும். லீவுங்கிறது வேலையை ஒத்திப்போட்ட மாதிரி ஆயிடும். மனச்சோர்வுக்கான மாத்திரை பலன் தெரியவே பல வாரம் ஆகும், தூக்கக் கலக்கமும் குமட்டலும் முதல் நாள்கள்லயே வந்துடும். அதனால முதல் வாரம் அரை நாள், ஒரே ஒரு வேலை, நைட் ஷிஃப்ட் வேண்டவே வேண்டாம். தூக்கம் கெட்டா பழைய நிலைக்கே போயிடறவங்க நிறைய. அப்ரைசல்ல அந்த லீவுக்காக ஒரு புள்ளிகூடக் குறையக் கூடாது. குறைஞ்சா பக்கத்து சீட்டுக்காரர் அதைப் பார்த்து, தன் பிரச்சினையை வாயே திறக்க மாட்டார்.

"எல்லாரும் இப்படியே கேட்டா ரிலீஸ் எப்படிப் போகும்?" நியாயமான கேள்விதான். ஒருத்தருக்கு மட்டுமே தெரிஞ்ச வேலைன்னு எதுவும் இருக்கக் கூடாது. சாஃப்ட்வேரோட ஒவ்வொரு பகுதிக்கும் ரெண்டு பேர், எழுதி வெச்ச குறிப்பு, பிளான்ல கொஞ்சம் இடைவெளி. டெங்கு வந்தா சமாளிக்கிறீங்க இல்லையா? அதே ஏற்பாடு.

"நடிக்கிறாங்க." நடிக்கிறவர் ஒருத்தரைப் பிடிக்கிறதுக்காக நிஜமா நடுங்குற பத்துப் பேரை வேலை பார்க்க வைப்பீங்களா? இதுக்கு மேல இதுல பேச எதுவும் இல்ல.

"மேனேஜருக்கும் மேல இருந்து அழுத்தம்." இருக்கு, தெரியும். அவருக்கு மேல இருக்கிறவரும் அவர் சுமையை இறக்கணும். அதுக்காக அது கீழ இறங்கி 11:40க்கு ஒரு பொண்ணு தலையில வந்து நிக்கணும்னு இல்ல.

"நாங்கல்லாம் தாங்கலையா?" இதுதான் ரொம்ப வலிக்குது. தாங்கினீங்க. உங்களுக்கும் அன்னைக்கு யாரும் இறக்கி வைக்கல. அந்தக் கோபத்தை ஏன் இந்தப் பொண்ணு மேல காட்டுறீங்க? பர்ன்-அவுட்டை, அதாவது வேலையால ஆள் முழுசா சோர்ந்துபோறதை, உலக சுகாதார நிறுவனம் 2019-லயே நோய்க் கணக்குல சேர்க்காம, சரியா கையாளப்படாத வேலையிட அழுத்தத்தோட விளைவுன்னு வகைப்படுத்திடுச்சு. ஆளோட பலவீனம்னு அதுல எங்கயும் இல்ல. ஆனா நீங்க அந்தப் பொண்ணுக்கு "மெண்டல்"னு பேர் வெச்சு சிரிப்பு ஸ்மைலி போடுறீங்க. உங்க ஃப்ரெண்ட்ஸ் பட்டியல்ல அவங்களோட வேலை பார்க்கிறவங்க இருப்பாங்க. உங்க தங்கச்சியும் இருப்பா. நாளைக்கு அவளுக்கு ராத்திரி கை நடுங்கினா உங்ககிட்ட சொல்லுவாளா? அந்த ஸ்மைலியை அவளும்தான் பார்த்திருப்பா.

அக்டோபர் 10, உலக மனநல தினம் வந்தா பச்சை ரிப்பன் குத்திக்கிறோம், தியான வகுப்பு வைக்கிறோம். தியானம் நல்லதுதான். ஆனா சாயங்காலம் 6 மணிக்கு வெச்சா, வகுப்பு முடிஞ்சு திரும்ப லேப்டாப்பைத் திறக்கிறவங்களுக்கு வேலை நேரம் இன்னும் ஒரு மணி நேரம் நீளுது. அங்கயும் யாரோட வேலையும் கை மாறல.

நேத்து வந்த ரெண்டாவது ஸ்க்ரீன்ஷாட்டையும் பார்த்தேன். ரிலீஸ் முடிஞ்சிடுச்சு, குரூப்ல எல்லாரும் கை தட்டியிருக்காங்க. அதுக்குக் கீழ அடுத்த டிக்கெட் ஒண்ணு திறந்திருக்கு. அதுவும் அந்தப் பொண்ணு பேர்லதான் இருக்கு. அந்த டீம்ல யாராவது இதைப் படிச்சா, தயவுசெஞ்சு இப்பவே மாத்துங்க.