நூலுக்கென ஒரு தொகை

கைவேலைக்கு வேண்டிய நூல், மணி போன்ற பொருள்களை வாங்குவதற்குக் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை, மளிகைக்கும் பாலுக்கும் எடுத்துவைப்பதைப் போல அதற்கும் மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கிவிடலாம் என்று உங்கள் இதழில் வெளியான கட்டுரையின் ஆசிரியர் கூறியிருப்பதை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால், கையில் இருப்பது தீர்ந்த பிறகே அடுத்ததை வாங்க வேண்டும் என்ற அவருடைய அறிவுரை, கொக்கி ஊசியால் துணியில் பூவேலை செய்யும் ஆரி வேலைக்காரர்களுக்குப் பொருந்தாது. பட்டு நூலுக்கு ஒவ்வொரு முறை சாயம் ஏற்றும்போதும் நிறம் சற்றே மாறக்கூடும் என்பதால், ரவிக்கையின் ஒரு கையை முடித்துவிட்டு, மறு கைக்கு அதே நிற எண்ணுள்ள நூலைப் பிறகு வாங்கி வந்தால், கடையின் விளக்கொளியில் தெரியாத வேறுபாடு வெயிலில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். ஆகவே, ஒரு வேலைக்கு வேண்டிய நூல், ஜரிகை, மணிகள் அனைத்தையும் சற்றுக் கூடுதலாகவே ஒரே நேரத்தில் வாங்குவதுதான் சிக்கனம். சென்னையில் பாரிமுனைப் பக்கத்து மொத்த விலைக் கடைகளுக்குச் செல்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

வீட்டில் மற்றவர்களின் கைப்பேசிச் செலவுக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. மாலையில் துணி மாட்டிய சட்டத்தின் முன் அமர்ந்து ஊசி ஓட்டும் பெண் மட்டும் நூலுக்குக் கொடுத்த நூறு ரூபாய்க்கு விளக்கம் சொல்ல வேண்டியிருப்பது மிகவும் வருத்தத்துக்குரியது. அந்த வேலை விற்பனைக்குரியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு மாதம் செலவாகாத தொகையை அடுத்த மாதத்தோடு சேர்த்துக்கொள்ளலாம் என்பதையும் கட்டுரையில் குறிப்பிட்டிருந்தால், ஜர்தோசி என்னும் விலை கூடிய உலோகச் சுருள் இழையை வாங்குபவர்களுக்கு உதவியாக இருந்திருக்கும்.