உண்மை விளக்கம்: ‘வாவியைக் காக்கும் கமக்காரருக்கு ஐ.நா. காசு’

மட்டக்களப்புக் கமக்காரரிடையே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. வாவியைப் பாதுகாக்க ஐ.நா. மானியம் தருகிறதாம், பதிவுக் கட்டணத்தோடு வங்கி விவரம் அனுப்பினால் ஆளுக்கொரு தொகை வருமாம். வாங்கியவர் இனி யூரியாவே போடக்கூடாதாம். இரண்டும் பொய்.

மானியம் என்று ஒன்று இருப்பது உண்மைதான். உலகச் சுற்றாடல் வசதி (GEF) என்ற சர்வதேச நிதியத்தின் சிறு மானியத் திட்டம் 1992இல் தொடங்கியது, நடத்துவது ஐ.நா. அபிவிருத்தித் திட்டம். ஆனால் காசு தனியாள் கைக்குப் போவதில்லை. கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம் போன்றவை திட்டம் எழுதிக் கேட்க வேண்டும்; தேசியக் குழு பார்த்துத் தெரிவு செய்யும்; வேலை நடக்க நடக்கத் தவணையாக வரும். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. ஓடிபி கேட்டால் அது திருட்டு, வேறொன்றுமில்லை.

யூரியாக் கதை 2021இன் பயத்தில் முளைத்தது. அந்த மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தது அரசாங்கம்; நவம்பரில் அதுவே நீக்கியது. மானியம் கொடுப்பவருக்குச் சட்டம் போட அதிகாரம் ஏது?

சரி, வாவிக்கும் வயலுக்கும் என்ன தொடர்பு? யூரியா எறிந்த கையோடு வக்கடையை, அதாவது வரப்பில் தண்ணீர் விடும் வாயை, திறந்தால், கரைந்த உரம் வாய்க்கால் வழியே வாவிக்குப் போய்ப் பாசிக்குத் தீனியாகும். உரக்காசும் தண்ணீரோடு போகும். சில நாள் வக்கடையை அடைத்து வைக்க எந்த மானியமும் தேவையில்லை. நாசினிப் போத்தலை வாய்க்காலில் கழுவாமல் இருக்கவும்தான்.

சந்தேகமென்றால் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள்.